ஒன்றாம் நம்பர் ஆம்புலன்ஸ்

நவம்பர் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாகச் சமையலறை ஜன்னலைத் திறந்து, வாழை மரத்தடியில் யானை நிற்கிறதா என்று பார்த்தேன். நின்றது மதலைமுத்து வீட்டு மாடு. இருந்தாலும் கொஞ்ச நேரம் அதை மரியாதையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். யானை இறங்குகிற மாதத்தில் எதையும் அவசரப்பட்டு மாடு என்று முடிவு செய்யக் கூடாது.

பல் தேய்த்துவிட்டு ஆபீசுக்குப் போய்ச் செட் பெரட்டு எடுத்தேன். காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அது ஃபீல்டு ஆபீசர்களுடையது. செட் பெரட்டு என்னுடையது. செங்குருவி எஸ்டேட்டின் முக்கால்வாசி இடத்தில் செல்போன் வெறும் டார்ச் லைட்தான் என்பதால் வண்டிகளில் எல்லாம் ஒயர்லெஸ் செட் பொருத்தியிருக்கிறார்கள். ஹெட் கிளார்க் என்ற முறையில் பேஸ் செட் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவேன். மானேஜர் ஜீப் ஒன்றாம் நம்பர். அவருக்குப் பெரட்டு கிடையாது. இரண்டு, ஃபீல்டு ஆபீசர் மதலைமுத்துவின் ஜீப். மூன்றும் நான்கும் தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டர்கள். ஐந்து ஆம்புலன்ஸ். ஆறு, மானேஜர் பங்களா கேட்.

இன்று ஐந்து பேசவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில் டிரைவர் காளியப்பன் கதவருகில் வந்து நின்றார்.

"கூப்பிட்டீங்களா மேடம்?"

"செட்டுல கேட்டுச்சா?"

"செட்டுல கேக்கல. ஜன்னல் வழியா கேட்டுச்சு."

செட்டைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டைகளும், கருகிப்போன ஒரு மெமரி போர்டும் இருந்தன. தீப்பெட்டி அளவுப் பச்சைப் பலகை அது. செட் எந்த அலைவரிசையில் பேச வேண்டும், அதன் நம்பர் என்ன என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். அது போனால் செட் வெறும் டப்பா.

மூன்றாம் டிவிஷனில் கொழுந்து பறிக்கும் பாப்பாத்தியின் மருமகள் சுகந்திக்கு இது தலைப்பிரசவம். இருபதாம் தேதி வாக்கில் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மூன்றாம் டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே ரோடு. நடுவில் ஊசி வளைவு. யானைகள் ரோட்டைக் கடக்கும் இடம். செட் இல்லாத ஆம்புலன்ஸ் அந்த வளைவில் குருடனும் ஊமையும்.

பத்து மணிக்கு மானேஜர் அறைக்குப் போனேன்.

"சார், ஆம்புலன்ஸ் செட்..."

"எமல்டா, பத்தொம்பதாம் தேதி டைரக்டர்ஸ் வர்றாங்க. லஞ்ச் பங்களாத் தோட்டத்துல. ஞாபகம் இருக்கட்டும்."

"சரி சார். ஆம்புலன்ஸ்ல..."

"என் செட்டும் கரகரன்னு இருக்கு. அதையும் பாருங்க. பிசிக்ஸ்தானே நீங்க?"

கீர்த்திவாசன் சார் கெட்டவரில்லை. ஆனால் அவர் அறையில் நான் தொடங்கிய வாக்கியம் எதையும் இந்த நான்கு வருடத்தில் முடித்ததில்லை. மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்து என் வீட்டுக்காரர் சகாயத்திடம் முடிக்கிறேன். அவர் பாவம்.

நவம்பர் 5, புதன்

புதுப் போர்டு கேட்டு எழுதியதற்கு ஹெட் ஆபீசிலிருந்து பதில் வந்தது. அந்த மாடல் போர்டு இப்போது வருவதில்லையாம். எல்லாச் செட்டையும் மாற்றும்போது இதையும் மாற்றுவார்களாம். எப்போது மாற்றுவார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பாப்பாத்தி கொழுந்தை எடைபோட்டுவிட்டுப் போகிற வழியில் ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, ஆம்புலன்ஸ் வாயத் தொறந்துச்சா?"

"தொறக்க வெச்சுடலாம் பாப்பாத்தி."

"சீக்கிரம் வைங்க. என் மருமக வயிறு தேதி பாத்தா வலிக்கப்போவுது?"

சொல்லிவிட்டேனே தவிர எப்படி என்று தெரியவில்லை. மாலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஏழாம் நம்பர் டிராக்டர் ஞாபகம் வந்தது. கழித்துப் போட்ட வண்டி. ஃபேக்டரிக்குப் பின்னால் கோழி அடைகிறது. அதன் செட் இன்னும் அதிலேயே இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

கோழிகளின் எதிர்ப்புக்கு நடுவே ஏழாம் நம்பர் செட்டைக் கழற்றினோம். காளியப்பன் கோழிகளிடம் "கொஞ்சம் தள்ளிக்கங்க, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று பன்மையில் பேசினார். அவர் எல்லாரிடமும் அப்படித்தான். போன வருடம் வழியில் நின்ற கொம்பன் யானையிடமும் அப்படித்தான் பேசினாராம். அது தள்ளிக்கொண்டதாம்.

செட்டுக்குள் போர்டு நன்றாக இருக்கிறது! ஆனால் அது தன்னை ஏழாம் நம்பர் டிராக்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கும். அதை அழித்து, நீ ஐந்தாம் நம்பர் ஆம்புலன்ஸ் என்று எழுத வேண்டும். செட்டுகளை விற்ற கம்பெனி விட்டுப்போன பழைய லேப்டாப்பும் ஒயரும் பீரோவில் இருந்தன. லேப்டாப் தொடங்குவதற்குள் நான் இரண்டு டீ குடித்தேன்.

மானேஜர் செட்டும் மேஜைக்கு வந்துவிட்டது. அதன் போர்டையும் கழற்றித் துடைத்து, லேப்டாப்பில் மாட்டிப் படித்துப் பார்த்தேன். வரிசையாக விவரங்கள்: அலைவரிசை, நம்பர், சத்தம். கடைசியில் ஒரு வரி: "குறுக்கே பேசலாமா?" மானேஜர் போர்டில் "ஆம்." ஏழாம் நம்பரில் "இல்லை." மற்ற எல்லாவற்றிலும் "இல்லை"யாகத்தான் இருக்கும்.

அப்படியென்றால், யார் பேசிக்கொண்டிருந்தாலும் ஒன்றாம் நம்பர் பொத்தானை அழுத்தினால் மற்ற செட்டெல்லாம் ஊமையாகிவிடும். அனுபவத்தில் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒரு வார்த்தையாகத் திரையில் பார்த்தபோது ஏனோ சிரிப்பு வந்தது. அவர் அறையில் நடப்பதற்கும் எங்கோ ஒரு போர்டு இருக்குமோ?

ஏழாம் நம்பரை ஐந்தாக மாற்றி எழுதினேன். வேலை செய்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பல்பு எரிந்ததற்கு அப்புறம் இன்றுதான் பிசிக்ஸ் எனக்கு ஏதாவது செய்திருக்கிறது.

இரண்டு போர்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கின்றன. மானேஜருடையதில் அடையாளத்துக்கு என் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். தூசி படாமலிருக்கச் சகாயத்தின் டீ டேஸ்டிங் கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் போட்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஐந்து என்று ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

மேஜை கொஞ்சம் சுத்தமாக இருந்தது. சகாயம் ஃபேக்டரிக்குப் போகிற வழியில் ஆபீசில் எட்டிப் பார்த்தாராம். அவர் ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். இந்த மலையில் எந்த மேஜையில் டேஸ்டிங் கிண்ணத்தைப் பார்த்தாலும் அதை வரிசைப்படுத்தாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. என் தங்கை கல்யாணத்தில் பாயசக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த சொந்தக்காரர் அவர் ஒருவர்தான்.

பதினொரு மணிக்குள் இரண்டு செட்டையும் பூட்டிவிட்டேன். இடப்பக்கக் கிண்ணத்துப் போர்டு மானேஜர் செட்டுக்கு, வலப்பக்கத்தது ஆம்புலன்சுக்கு. ஆம்புலன்ஸ் செட்டின் மூடியைத் திருகும்போது உள்ளே சிவப்பாக ஏதோ மின்னியதுபோல இருந்தது. கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஜன்னலில் செம்பருத்தி பூத்திருக்கிறது. அதன் நிழலாக இருக்கும்.

கத்தரிக்காய் வாங்க வேண்டும்.

நவம்பர் 8, சனி

செட் பெரட்டு. "ஐந்து, ஐந்து, பேஸ்."

"வணக்கம் மேடம், காளியப்பன் பேசறேங்க, நல்லா கேக்குதுங்களா?"

கணீரென்று கேட்டது. என் பேஸ் செட்டின் சின்னத் திரையில் "1" என்று வந்தது. முந்தானையால் துடைத்தேன். 1. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இன்னும் தெளிவாக 1.

அதற்குள் மதலைமுத்து குறுக்கே வந்தார். "குட் மார்னிங் சார்! எஸ் சார்! ஃபீல்டுலதான் சார் இருக்கேன்!"

மதலைமுத்து ஃபீல்டில் இல்லை. பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது.

"சாரா?" என்றார் காளியப்பன். யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நாந்தாங்க..." என்று தொடங்கி, கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார்.

ஏழரைக்கு மானேஜர் பேசினார். திரையில் "5". "எமல்டா, வாத்துக்குக் கோதுமை வந்துச்சா?"

பங்களாவில் அவர் வாத்து வளர்க்கிறார். வாத்துகளைப் பற்றிய விசாரணை தினமும் செட்டில்தான் நடக்கும். பேசுகிறவருக்குத் தன் நம்பர் தெரியாது. கேட்கிறவர்களின் திரையில்தான் அது வரும். ஆகவே தான் ஆம்புலன்ஸ் ஆகிவிட்டது அவருக்குத் தெரியாது. மற்றவர்கள் பேசும்போது அவர் திரையைப் பார்ப்பதும் இல்லை. டிராக்டர் டிரைவர்களில் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்: "அஞ்சு, யாருக்கு என்ன ஆச்சு?"

"வாத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார் மானேஜர்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனோம். ஃபாதர் நேர்மையைப் பற்றிப் பேசினார். நீளமான பிரசங்கம்.

நவம்பர் 10, திங்கள்

சகாயத்திடம் சொல்லிவிட்டேன். மீன் குழம்பு ஊற்றிய பிறகு சொன்னேன், எழுந்து போக முடியாதபடிக்கு.

"போர்டு மாறிப்போச்சுங்க. நீங்க கிண்ணத்த மாத்தி வெச்சதால."

"நான் எங்க மாத்துனேன்? ஒழுங்கா வெச்சேன். டேஸ்டிங்னா முதல் பேட்ச் வலது கைப்பக்கம். இது தெரியாம முப்பது வருஷமா டீமேக்கர் பொண்டாட்டியா இருக்க?"

"இருபத்திரண்டு."

"பாத்தா முப்பது மாதிரி இருக்கு." முள் எடுத்துக்கொண்டே யோசித்தார். "சரி, திருப்பி மாத்திடு. பெரிய வேலையா?"

"அரை மணி நேரம்."

"அப்புறம் என்ன?"

அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். மானேஜர் செட்டை மறுபடி கேட்டு வாங்க ஒரு காரணம் வேண்டும். அவர் இப்போது டைரக்டர்கள் வேலையில் இருக்கிறார். தொந்தரவு செய்யக் கூடாது. இதெல்லாம் உண்மைதான்.

"எமல்டா, ஏப்ரல்ல நான் ரிட்டயர். க்வார்ட்டர்ஸ் உன் பேருலதான் நிக்கும். நமக்கெதுக்கு வம்பு?"

"வம்பா? வம்பு பண்ணுனது கிண்ணம்."

அவர் முள்ளைத் தட்டின் ஓரமாக வைத்தார். "அன்னைக்கு உன் கண்ணாடி எங்க இருந்துச்சு?"

"தலைமேல."

அவர் குழம்பில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

நவம்பர் 12, புதன்

எஸ்டேட்டுக்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தது மதலைமுத்து.

ஆம்புலன்சிலிருந்து ஒன்றாம் நம்பர் வருகிறது. அப்படியென்றால் மானேஜர் ஆம்புலன்சில் இருக்கிறார். பின்பக்கக் கண்ணாடியில் திரை போட்டிருப்பதால் வெளியே தெரியவில்லை. வேவு பார்க்கிறார். முன்பொரு முறை கொழுந்து டிராக்டரில் சாக்குக்கு அடியில் படுத்துவந்து ஃபீல்டைச் சோதித்த மானேஜர் ஒருவர் இங்கே இருந்தாராம். ஆகவே இது நடக்கக்கூடியதுதான்.

குரல் காளியப்பனுடையதாயிற்றே என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"அதான் மேடம் டெக்னிக்கு" என்றார் மதலைமுத்து. "மைக்க அவன் வாயில வெச்சுப் பேசச் சொல்றாரு."

விளைவு: ஆம்புலன்சைக் கண்டால் டிராக்டர்கள் ஓரம் கட்டுகின்றன. போன மாதம் விழுந்த மரத்தை ரோட்டிலிருந்து இன்றுதான் அறுத்து எடுத்தார்கள். இரண்டாம் டிவிஷனில் ஆம்புலன்சின் பின்பக்கக் கதவுக்கு யாரோ சல்யூட் வைத்தார்களாம். உள்ளே இருந்தது சளிக்கு மருந்து வாங்க வந்த மாரியாயியும் அவள் கூடையும்.

காளியப்பன் மாலையில் வந்து கலக்கத்தோடு கேட்டார்: "மேடம், எனக்கு என்னமோ நடக்குதுங்க. எல்லாரும் மரியாதை குடுக்கறாங்க. எனக்கு உடம்புக்கு ஏதாச்சும் பெருசா இருக்குன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்களா?"

இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

பேச்சு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மானேஜர் குரல் ஐந்தாம் நம்பரில் வருவதைக் கவனித்தவர்கள், அவர் வேவு பார்க்கவில்லை, உடம்புக்கு முடியாமல் ஆம்புலன்சிலேயே படுத்திருக்கிறார் என்கிறார்கள். ஆதாரம்: காய்ச்சலில் வாத்து வாத்து என்று உளறுகிறாராம்.

போன வாரமும் இதே வாத்தைத்தான் பேசினார். அப்போது அது உத்தரவு. இப்போது அது ஜன்னி.

பங்களாவுக்கு இளநீர் போயிருக்கிறது. மாரியம்மன் கோவில் விபூதி போயிருக்கிறது. பாப்பாத்தியும் இரண்டு பேரும் வாசலில் போய் நின்று, "ஒடம்பப் பாத்துக்கங்க தொரை" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "எமல்டா, லேபர் ஏன் திடீர்னு இவ்வளவு அன்பா இருக்காங்க? ஸ்ட்ரைக் ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

"தெரியல சார். ஒருவேளை..."

நிறுத்தினேன். அவர் குறுக்கே பேசவில்லை. காத்திருந்தார். பழக்கமில்லாததால் அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சகாயம் வீட்டு டம்ளர்களை எல்லாம் வலமிருந்து இடமாக மாற்றிவைத்திருக்கிறார். பேசவில்லை.

நவம்பர் 17, திங்கள்

மாற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். ஜீப் பங்களாவில் இருந்தது, வாத்துகள் வழிமறித்தன. திரும்பி வந்துவிட்டேன். இவ்வளவு சின்ன வாத்துகளுக்குப் பயப்படுவேன் என்று நினைக்கவில்லை.

மூன்றாம் டிவிஷன் நர்ஸ் சொன்னார்: சுகந்திக்கு வயிறு இறங்கிவிட்டதாம். எந்த நாளும் வரலாம்.

நவம்பர் 19, புதன்

காலையிலிருந்து மழைத் தூறல். டைரக்டர்கள் மூன்று பேர் வந்தார்கள். பங்களாத் தோட்டத்தில் ஷாமியானா, வெள்ளைத் துணி விரித்த மேஜை.

மானேஜர் டைரக்டர்களோடு ஃபேக்டரியைச் சுற்றிவிட்டு, ஜீப்பிலிருந்து செட்டில் லஞ்ச் ஏற்பாட்டை நடத்திக்கொண்டிருந்தார். தட்டு எத்தனை, ஸ்பூன் எத்தனை, சூப்பு முதலிலா டைரக்டர்கள் உட்கார்ந்த பிறகா, வாத்துகளைக் கட்டிவைப்பதா உலவவிடுவதா. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. அவர் பேசி முடிக்கும்வரை இந்த மலையில் வேறு யாரும் பேச முடியாது. பழைய நாளாக இருந்தால்.

பதினொன்றரைக்கு மூன்றாம் டிவிஷனிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னதும் ஆம்புலன்ஸ் போயிருந்தது. பாப்பாத்தியும் சுகந்தியும் ஏறிவிட்டார்கள் என்பது வரை எனக்குத் தெரியும். அப்புறம் வாத்துதான்.

"...அந்தப் பெரிய வாத்தை மட்டும் டைரக்டர்ஸ் பார்க்கிற மாதிரி..."

டப்பென்று மானேஜர் குரல் அறுந்தது. திரையில் 1.

"எல்லாரும் மன்னிக்கணும், காளியப்பன் பேசறேங்க. ஊசி வளைவுல யானை நிக்குதுங்க. ரெண்டு பெருசு, ஒரு குட்டி. தள்ளிக்கச் சொல்லிட்டேன், கேக்கமாட்டேங்கறாங்க. புள்ளைக்கு வலி அதிகமாயிருச்சு. நான் எந்த வழியா வர்றதுங்க?"

பின்னால் சுகந்தி கத்துவது கேட்டது. அதற்குப் பின்னால் பாப்பாத்தி, "மூச்ச விடுடி, மூச்ச விடுடி!"

வேறு வழி ஒன்றுதான் உண்டு: பங்களா ரோடு. மானேஜர் ஜீப்பைத் தவிர எந்த வண்டியும் அதில் போகக் கூடாது. கேட் எப்போதும் பூட்டியிருக்கும். வாட்ச்மேன் இருளாண்டி ஒன்றாம் நம்பருக்கு மட்டும்தான் திறப்பார். டைரக்டர்களுக்கே இன்று காலையில் திறக்க மறுத்துவிட்டார்.

மைக்கை எடுத்தேன். திகைப்பில் மானேஜர் பொத்தானை விட்டிருக்க வேண்டும், வழி காலியாக இருந்தது. "ஒன்று, பேஸ்" என்றேன். ஐந்து என்று சொல்லவில்லை. "பங்களா ரோடு வழியா வாங்க. கேட்டைக் கூப்பிடுங்க."

"கேட்டுங்களா, கொஞ்சம் தொறக்கறீங்களா?"

"எஸ் சார்!" என்றார் இருளாண்டி.

அப்புறம் நடந்ததை மதலைமுத்து சொல்லித்தான் தெரியும். ஃபேக்டரி முனையில் டிராக்டர்கள் இரண்டும் பள்ளத்தில் இறங்கி வழிவிட்டன. மதலைமுத்து தன் ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டே முன்னால் போனார். மானேஜர் கண்ணெதிரில் வேலை காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காதென்று நினைத்திருக்கிறார். அவர் பங்களாத் தோட்டத்துக்குள் திரும்பியபோது, ஆம்புலன்சில் பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டிய மானேஜர் எதிரே கையில் சூப்புக் கிண்ணத்தோடு நின்றாராம். "எனக்கு உயிரே போச்சு மேடம். அப்ப உள்ள யாருன்னு யோசிச்சேன்."

ஆம்புலன்ஸ் ஷாமியானாவுக்கும் வாத்துகளுக்கும் நடுவே போனது. காளியப்பன் வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆஸ்பத்திரிக்குப் போன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். வளைவில் காத்துக்கொண்டு நின்றிருந்தால் என்று நர்ஸ் தொடங்கினார், முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். வேறொன்றுமில்லை, தூசி.

நவம்பர் 20, வியாழன்

மானேஜர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நேத்து என்னை யாரோ கட் பண்ணாங்க."

"ஆமா சார்."

"என்னைக் கட் பண்ண முடியாது. என் செட் ஒண்ணு."

"இப்ப அஞ்சு சார். ரெண்டு வாரமா. போர்டு ரெண்டும் மாறிப்போச்சு."

கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். பொட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. வேவு, காய்ச்சல், இளநீர், விபூதி எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்துகொண்டே வந்தது. முகம் முதலில் சிவந்தது, பிறகு ஒரு மாதிரியாக ஆனது.

"அப்ப லேபர் என்னைப் பார்க்க வந்தது..."

"உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சார்."

"ஓ." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இளநி நல்லா இருந்துச்சு."

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். க்வார்ட்டர்ஸ் பரணில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் டைரக்டர்கள் விஷயம் வெளியே வந்தது. சாப்பாட்டு நடுவே தங்களைத் தாண்டி ஆம்புலன்ஸ் போனதைப் பார்த்து, அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம். "மானேஜர் பேச்சையே நிறுத்திட்டு ஆம்புலன்ஸ் பேசற மாதிரி வெச்சிருக்கீங்களே, யார் ஐடியா?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

இருமினார். "டீம் எஃபர்ட்னு சொன்னேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அவருக்கு நான் புரிந்துகொண்டது புரிந்தது.

"ஆனா எமல்டா, இது இப்படியே இருக்கக் கூடாது. கேட்ல இருளாண்டி இத்தனை நாள் ஜீப்பைப் பார்த்துத் திறந்தான், இன்னைக்குக் காலைல திரையில நம்பரைப் பார்த்துட்டு எனக்குத் திறக்கல. ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம் வராதுன்றான். என் கேட்ல என்னையே! திங்கட்கிழமை செட்டைத் தர்றேன். ஒண்ணு எனக்குத் திரும்ப வரணும். வெளியே ஆள் யாரையும் கூப்பிட வேண்டாம். நீங்களே சத்தமில்லாம முடிச்சிடுங்க."

"ஒண்ணுங்கறது நம்பர்தானே சார்?"

"பின்ன? நம்பர்தான். எல்லார் திரையிலயும் ஒண்ணுன்னு வரணும். பழையபடி."

"சார், ஆம்புலன்சுக்கு அந்தக் குறுக்கே பேசற..."

"டைரக்டர்ஸ்க்கு ஒரு தேங்க்யூ மெயில் போடணும், ஞாபகப்படுத்துங்க" என்று எழுந்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். கைவிரல் எல்லாம் கத்தரிப்பூ நிறம். சுகந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொரை வண்டிய விட்டுக் குடுத்து அனுப்பிச்சாராமே? நல்லா இருக்கணும் அவரு" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காளியப்பனுக்கு விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நிம்மதியாகிவிட்டார். "அப்ப எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லைங்களே? திங்கட்கிழமையிலிருந்து யாரும் சார்னு கூப்பிடமாட்டாங்களே?"

"கூப்பிடமாட்டாங்க."

"நல்லதுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா வழி மட்டும் விடுவாங்களா மேடம்?" என்று கேட்டார்.

பார்க்கலாம் என்று சொன்னேன்.

சகாயம் இன்றைக்குப் பேசிவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார். இரண்டு டேஸ்டிங் கிண்ணங்களையும் கழுவித் துடைத்து, என் கைப்பையில் அவரே எடுத்துவைத்தார். "திங்கக்கிழமை ஆபீஸ் பக்கமே நான் வரல. நீயாச்சு, உன் கிண்ணமாச்சு. எல்லாத்தையும் இருந்தது இருந்தபடி வெச்சிட்டு வந்துடு." ஏப்ரலைப் பற்றிப் பேசினார். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு வீடு பார்க்கலாம் என்றார். ம் என்றேன்.

இருந்தது இருந்தபடிதான் வைக்கப் போகிறேன். பொட்டு வைத்த போர்டு ஜீப்புக்குப் போகும். எல்லார் திரையிலும் ஒன்று என்று வரும். இருளாண்டி சல்யூட் அடித்துக் கேட்டைத் திறப்பார். மானேஜர் கேட்டது அதுதான், அது அவருக்குக் கிடைக்கும். ஆம்புலன்ஸ் மறுபடி ஐந்து.

அதற்கு முன் இரண்டையும் லேப்டாப்பில் மாட்டி, கடைசி வரிக்கு, அந்த "குறுக்கே பேசலாமா?"வுக்குப் போவேன். ஐந்தில் "ஆம்" என்று மாற்றுவேன். ஒன்றில் "இல்லை." மாற்றியிருப்பது மானேஜருக்குத் தெரிய வேண்டுமென்றால், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆம்புலன்சுக்கு ஏதாவது அவசரம் வர வேண்டும். அன்றைக்கு அவர் கதவைச் சாத்தச் சொன்னால், நானே சாத்திவிட்டு உட்கார்ந்து, வாக்கியத்தை முடிப்பேன்.

திங்கட்கிழமை கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மூடியைத் திருகுவேன்.